சீட்டுக்கு அடியில்

மூன்றாவது உதையில் பிடித்தது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினான். வண்டி ஏறவில்லை. சோறு அடைத்துக்கொண்டவன்போல விக்கியது. புகை கலையாமல் ஏத்தம் முழுக்க நின்றது.

"எறங்கிக்கட்டுங்களா?" என்றாள் பின்னால் இருந்தவள்.

"உக்காரு."

முதல் கியருக்கு மாற்றினான். பத்தடி போயிற்று. அப்புறம் சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியதும் அவள் குதித்துக் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு காலையும் செம்மண்ணில் ஊன்றினான். செருப்பு வழுக்கியது. இருவருமாக வண்டியைப் பாறை ஓரம் சாய்த்து நிறுத்தினார்கள்.

"ஒத்தையா இருந்தா ஏறுதுங்க" என்றாள்.

"ஒத்தையா நான் போயி என்ன பண்றது? ஊசி எனக்கா போடறாங்க?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமைக்கு நடுவில் மூன்று நாள் இருந்தது.

சென்றாயனுக்கு வயது முப்பத்தாறு. மலைமேல் குண்டனி நாடு என்ற பகுதியில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கும் பதினெட்டு வீடுகளில் ஒன்று அவனுடையது. எங்கே போவதென்றாலும் முதலில் மேலே ஏறியாக வேண்டும். தார் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் மண் தடம். அதில் கடைசி ஒரு கிலோமீட்டர் இந்த ஏத்தம். மழை பெய்தால் இதில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளியும் கொஞ்சம் சாமையும் வைத்திருந்தான். தை மாசியில் அடுத்தவர் தோட்டத்து மரங்களில் ஏறி மிளகு பறிப்பான். மற்ற நாட்களில் ஊராரின் மூட்டைகளை வண்டியில் தார் ரோட்டுக்கு ஏற்றிவிடுவான். வண்டி என்பது ராசிபுரத்தில் ஒரு பால்காரரிடம் வாங்கிய டூ ஸ்ட்ரோக். வாங்கும்போதே அதற்கு வயது இருபது. முன் மட்கார்டை மேலே தூக்கிக் கட்டி, பட்டன் டயர் மாட்டி, பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டு, இந்தத் தடத்துக்கு என்று அவனே மாற்றியது. கல்யாணத்துக்கு மறுநாள் பானுமதியை அதே மலையின் குண்டூர் நாட்டிலிருந்து இதில்தான் அழைத்து வந்தான். இரண்டு பேர், ஒரு தகரப் பெட்டி, ஒரு கோழி. அன்றைக்கு வழியிலிருந்த ஏத்தமெல்லாம் ஏறவும் செய்தது, இந்த ஏத்தத்தில் இறங்கவும் செய்தது.

அது எட்டு வருடத்துக்கு முன்பு. குழந்தை இல்லை. நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். ஐந்து நாள் மாத்திரை, மாதவிலக்கு வந்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். முட்டை வளர்ந்திருந்தால் அன்றைக்கே ஊசி. ஒன்பது மணிக்குள் டோக்கன் வாங்கிவிட வேண்டும். போன மாதம் மாத்திரையெல்லாம் சரியாகச் சாப்பிட்டுப் புறப்பட்டார்கள். மலை ரோட்டின் எழுபது வளைவுகளில் முப்பதாவதில் மரம் விழுந்து ரோட்டை மறித்துக் கிடந்தது. போய்ச் சேரும்போது பன்னிரண்டு மணி. டாக்டரம்மா ஆபரேஷனுக்குப் போயிருந்தார். மறுநாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "நேத்தே வெடிச்சுடுச்சும்மா, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்.

அடுத்த மாதத்தின் பன்னிரண்டாம் நாள்தான் இந்த வியாழக்கிழமை.

பஸ் இருந்தது. முதல் பஸ்ஸில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவது ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது பானுமதியின் கட்டளை. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு வைத்தியரிடம் போய்வந்ததற்கு, ஒரு வருடம் முழுக்க ஆளாளுக்கு நிறுத்திக் கேட்டார்கள். "ஏஞ்சாமி, வயித்துல நின்னுச்சா?" என்று தண்ணீர்க் குழாயடியில், எல்லோருக்கும் கேட்கும்படி. அதற்கப்புறம் அவள் யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

ஆகவே வண்டி. இந்த ஏத்தத்தை அவள் நடந்தே ஏறிவிடலாம்; திரும்பும்போது எழுபது வளைவையும் நடக்க முடியாது. வண்டி ஏற வேண்டும்.

போன மாதம் அவனுக்குப் பதினைந்து நாள் காய்ச்சல். வண்டி அத்தனை நாளும் வீட்டுச் சார்ப்பில் நின்றிருந்தது. எழுந்துவந்து எடுத்த நாளிலிருந்து இப்படி. நின்ற பெட்ரோல் கெட்டிருக்கும் என்று நினைத்துக் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினான். ஆயிலைக் கொஞ்சம் கூட்டிக் கலந்தான். அப்புறம் குறைத்துக் கலந்தான். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தான். தேய்த்த அன்று ஓடும். மறுநாள் பழையபடி.

திங்கட்கிழமை பேளுக்குறிச்சிக்கு இறங்கினான். ஒத்தையாக, முதல் கியரில் ஏத்தத்தைத் தாண்டினான்; அப்புறம் இறக்கம் என்பதால் வண்டி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சந்தை மைதானத்துக்குப் பின்னால் விமல்ராஜின் ஒர்க்‌ஷாப்.

"ஏனுங்ணா, இதை இன்னுமா வெச்சிருக்கீங்க? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு டிக்கெட் போடலாமுங்களே."

"பேச்சு அப்பறம் தம்பி. ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. ரெண்டு பேரு உக்காந்தா படுத்துக்குது."

விமல்ராஜ் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். கருப்பாக, நனைந்திருந்தது.

"மை தீட்டுன மாதிரி இருக்குது பாருங்க. பெட்ரோலைக் குடிக்குது, காத்துப் பத்தல."

காரணத்தை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டான். சொன்னது சொன்னவனுக்கும் தெரியவில்லை, கேட்டவனுக்கும் தெரியவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்து உள்ளேயிருந்த பஞ்சை எடுத்துப் பெட்ரோலில் அலசினான். பஞ்சில் பெரிய அழுக்கு இல்லை. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதினான். அவற்றிலும் அடைப்பு இல்லை. ஹெட்டைக் கழற்றினான். ரிங் தேய்ந்திருந்தது.

"ஆளு கெடைச்சுட்டான்" என்றான் விமல்ராஜ்.

புது ரிங் போட்டான். புகை போகும் துவாரத்தில் படிந்திருந்த கரியைச் சுரண்டினான். ஃபில்டர் பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை மாட்டாமல், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே முறுக்கிக் காட்டினான். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சென்றாயனுக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணத்துக்கு மறுநாள் கேட்ட சத்தம். விமல்ராஜ் குழாயை மாட்டி, மூடிகளை முடுக்கி, துணியால் டேங்கைத் துடைத்துக் கொடுத்தான்.

"புது ரிங்கு. ரொம்ப முறுக்காம போங்க."

முறுக்காமல் போனான். அடிவாரம் வரை சமவெளி. பத்து வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டாவது வளைவில் முறுக்கியாக வேண்டியிருந்தது. முறுக்கினான். விக்கியது.

ஓரமாக நிறுத்திப் போன் அடித்தான்.

"தம்பி, பழையபடி அதேதான்."

"எத்தனாவது வளைவுங்ணா?"

"பதினெட்டு."

"அதான. மேல போகப் போகக் காத்து கம்மிங்ணா. நான் கீழ நின்னு செட் பண்ணியிருக்கறன். கீழ இருக்கற காத்துக்குத்தான் அது கேக்கும்."

"ஏந்தம்பி, இத்தன வருசமா இதே மலைலதான் ஓடுது இந்த வண்டி!"

"அப்ப மலைல காத்து நல்லா இருந்துருக்குமுங்ணா."

சென்றாயன் போனைச் சட்டைப் பையில் போட்டான். மிச்சமிருந்த ஐம்பத்திரண்டு வளைவுகளையும் முதல் கியரில் ஏறினான். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினான். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன.

செவ்வாய்க்கிழமை சைலன்சரைக் கழற்றிச் சுட்டான். டூ ஸ்ட்ரோக் சைலன்சருக்குள் ஆயில் பிசின்போலப் படியும். தீயில் போட்டால்தான் விடும். வாசலில் மரவள்ளிக் குச்சியைக் குவித்துப் பற்றவைத்து, சைலன்சரை நடுவில் கிடத்தினான். கருப்பும் வெள்ளையுமாகப் புகை பள்ளம் முழுக்க நிறைந்தது. மேலத் தோட்டத்துச் சின்னுசாமி இருமிக்கொண்டே வந்து நின்றார். அவருக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி உண்டு. அன்னாசி ஏற்றிக்கொண்டு நாமக்கல் போய்வருவார்.

"என்ன மாப்ள, சுட்டுத் திங்கப் போறியா? உப்பு மொளகு போட்டியா?"

"அடைப்பு எடுக்கறனுங்க மாமா."

"மூணு நாளா அவுக்கற, பூட்டற. உம் பொண்டாட்டி தலைய ஒரு நாளு இப்படிப் பாத்திருப்பியா? அப்படி என்ன அவசரம்? வெள்ளிக்கெழமை நான் கீழ போறன். வண்டிய எம் பின்னால தூக்கிப் போடு."

"இல்லீங்க. வெசாழக்கெழமைக்குள்ள ஆவணும்."

"வெசாழக்கெழமை என்ன?"

சென்றாயன் குச்சியால் தீயைக் கிளறினான். "ஒண்ணுமில்லீங்க" என்றான். வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த பானுமதி சாமையைப் புடைப்பதை நிறுத்தியிருந்தாள். சின்னுசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு போனார்.

சைலன்சர் ஆறியதும் மாட்டினான். ஏத்தத்துக்குப் போனான். பின்னால் பானுமதிக்குப் பதிலாக ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு. பாதியில் நின்றது. கிழங்கை இறக்கித் தடத்தோரம் வைத்துவிட்டு, வண்டியின் டேங்கை ஓங்கிக் குத்தினான். கைதான் வலித்தது. கீழே வந்து சார்ப்பில் வண்டியை நிறுத்திவிட்டு அதற்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கெட்டுப்போன எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது அவனைத் தின்றது. ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. உடைந்ததை மாற்றலாம்.

"சீட்டைக் கழட்டிப் பாக்கணும்" என்றான் தனக்குத்தானே.

"சீட்ல என்னங்க இருக்குது?" என்றாள் பானுமதி உள்ளேயிருந்து. "கோளாறு இஞ்சின்லதான?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டான்.

புதன்கிழமை காலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பது என்று உட்கார்ந்தான். மத்தியானம் வரை பிளக், ஒயர், காயில். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. நாலு மணிக்குக் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டி ரப்பர் குழாயை உருவினான். உருவியபடியே விட்டுவிட்டு, எதற்கோ ஒருமுறை உதைத்தான். முறுக்கினான்.

வண்டி அலறியது. கூரையில் இருந்த கோழி பறந்தது.

குழாயைச் சொருகினான். விக்கியது. உருவினான். அலறியது. நாலு தரம் செய்து பார்த்தான். விமல்ராஜ் அன்று குழாயை மாட்டாமல் முறுக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது. காற்றுப் பற்றவில்லை என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பஞ்சு சுத்தமாக இருக்கிறது. அப்படியென்றால் பஞ்சுக்கு முன்னால், பெட்டி காற்றை இழுக்கும் வாயில். வாய் சீட்டுக்கு அடியில் இருந்தது.

பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்தான்.

"வேண்டாமுங்க" என்றாள் பானுமதி. எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை. சீட்டின்மேல் கையை வைத்திருந்தாள்.

"கைய எடு."

"அந்தக் கொழாய மாட்டாமயே போலாமுங்க. நல்லாத்தான ஓடுது?"

"போன வருசம் அப்படி ஓட்டித்தான் செம்மண்ண இழுத்துப் பிஸ்டன் புடிச்சுக்கிச்சு. நடுத் தடத்துல நின்னமே, மறந்துட்டியா? கைய எடு புள்ள."

எடுத்தாள். சீட்டைக் கழற்றித் தூக்கினான். விரல் பருமனுக்கு நாலு அறை, ஒன்றோடொன்று ஒட்டி, செம்மண்ணால் பூசியது. விளிம்பு விளிம்பாக, ஈர விரலால் இழைத்ததுபோல. ஃபில்டர் பெட்டியின் வாயை முக்கால்வாசி மூடியிருந்தது. மிச்சக் கால்வாசியில் ஒரு சுண்டுவிரல் நுழையலாம்.

குளவிக் கூடு.

அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குக் காய்ச்சலா இருந்தப்பக் கட்டுச்சுங்க. அஞ்சாம் நாளு குனிஞ்சு பாத்தன். பச்சப் புழுவத் தூக்கிட்டு வந்து வெச்சு மூடுச்சு."

"மூணு வாரமா தெரியுமா?"

"வண்டி இதுனாலதான் நிக்குதுன்னு தெரியாதுங்க. இஞ்சின் அங்கிட்டில்ல இருக்குது."

"சீட்டத் தூக்கறன்னு சொன்னப்பச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா இடிச்சிருப்பீங்க."

வீட்டில் குளவி கூடு கட்டினால், அந்த வீட்டில் ஒருத்திக்கு வயிற்றில் தங்கும். பள்ளத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கட்டினாலும், சுவிட்சுப் பெட்டியில் கட்டினாலும், அதுவாக விட்டுப் போகும்வரை தொட மாட்டார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு தடவை கட்டியிருக்கிறது. எதிர் வீட்டில் கதவு நிலையில் கட்டி, எட்டு மாதம் கதவை முழுக்கச் சாத்தாமல் படுத்தார்கள். இந்த வீட்டில் எட்டு வருடமாக ஒரு குளவியும் நுழையவில்லை. பானுமதி வாசலில் மண்ணைக் குழைத்துக்கூட வைத்துப் பார்த்திருக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது.

"இது வண்டி. ஊடு இல்ல" என்றான் சென்றாயன்.

"நம்மூட்டுச் சார்ப்புலதான நின்னுச்சு?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணுமா வேண்டாமா?"

"போவணும்."

"எதுல?"

அவன் பெரிய ஸ்குரூ டிரைவரை எடுத்தான். மூன்று நாளாகப் பிரித்ததும் பூட்டியதும், புது ரிங்கும், ஐம்பத்திரண்டு வளைவும், குரங்குகளும், வீங்கிய கையும் அந்த ஸ்குரூ டிரைவரில் இருந்தன. முனையைக் கூட்டின் அடியில் வைத்தான். ஒரு நெம்பு போதும். மண் துளி ஒன்று உதிர்ந்து பெட்டிக்குள் விழுந்தது.

பானுமதி தடுக்கவில்லை. அழவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆளையும் வண்டியையும் சேத்துப் பைத்தியமாக்கற" என்றான். ஸ்குரூ டிரைவர் அங்கேயே இருந்தது. "ஊசி போட்டாத்தான் தங்கும்னு நீதான் சொன்ன. இப்பக் குளவி கட்டுனாத்தான் தங்கும்ங்கற. எதையாச்சும் ஒண்ணச் சொல்லு."

"ரெண்டும் இருக்கட்டுங்க" என்றாள் மண்வெட்டியைப் பார்த்தபடி.

அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மறுபடி சுற்றினான். ஸ்குரூ டிரைவரைத் தூக்கி எறிந்தான். அது அடுப்புப் பக்கம் போய் விழுந்தது. பெட்டியின் பக்கச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தான். பிளாஸ்டிக்.

"அடுப்புல தீ இருக்குதா?"

"இருக்குதுங்க."

"கம்பி ஒண்ணக் காய வெய்யி. பெருசா."

காய்ந்த கம்பியை ஈரச் சாக்கால் பிடித்துக்கொண்டு வந்தாள். கூட்டுக்குக் கீழே, பின் சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில், காற்று பஞ்சு வழியாகவே உள்ளே போகிற மாதிரி இடம் பார்த்து ஓட்டை போட்டான். பிளாஸ்டிக் கருகி நாறியது. ஒன்று, இரண்டு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கம்பியைத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. மூன்றாவது ஓட்டைக்குக் கம்பி கூட்டுக்கு ஒரு அங்குலம் பக்கத்தில் போனது. "பாத்துங்க" என்றாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன்" என்று கத்தினான். ஆறாவதில் கம்பி வழுக்கிப் பெருவிரலைச் சுட்டது. கெட்ட வார்த்தையில் திட்டினான். யாரை என்று சொல்லவில்லை.

குழாயை மாட்டினான். சீட்டை மெதுவாக உட்காரவைத்து முடுக்கினான். உதைத்தான்.

விக்கவில்லை.

ஏத்தத்துக்குப் போய்ப் பார்க்க அவனுக்குத் தெம்பு இல்லை. வண்டியை அணைத்துவிட்டு, விரலைத் தண்ணீர்ச் செம்புக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பானுமதி மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழக்கிழமை நாலே முக்காலுக்குக் கிளம்பினார்கள். ஏத்தத்தை இரண்டாவது கியரில் ஏறினார்கள். பானுமதி இறங்கவில்லை. ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. டோக்கன் பதினேழு. பதினொன்றரைக்கு ஸ்கேன். ஒரு முட்டை, பத்தொன்பது மில்லிமீட்டர் என்று துண்டுச் சீட்டில் எழுதினார்கள். ஊசி போட்டார்கள். பதினெட்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். ஒரு கடையில் தயிர்ச்சோறு சாப்பிட்டார்கள். திரும்பும்போது மழை பிடித்தது. நாற்பத்திரண்டாவது வளைவில், பின் சக்கரம் அடித்த தண்ணீர் ஓட்டைகள் வழியாக உள்ளே போய் வண்டி நின்றது. ஒரு மணி நேரம் பாறைக்கு அடியில் நின்றார்கள். சின்னுசாமியின் பிக்கப் வந்தது. வெள்ளிக்கிழமை சுமையை ஒரு நாள் முன்னதாகவே இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வண்டியைத் தூக்கிக் காலிச் சாக்குகளின்மேல் படுக்கப் போட்டார்கள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். சென்றாயன், "சும்மா" என்று தொடங்கினான். பானுமதி, "ஆஸ்பத்திரிக்குங்க" என்றாள். சின்னுசாமி வைப்பரைப் போட்டார். அப்புறம் அன்னாசி விலையைப் பற்றிப் பேசினார். வீட்டுக்கு வந்ததும் பானுமதி சீட்டைக் கழற்றச் சொன்னாள். கூட்டின் ஒரு ஓரம் நனைந்திருந்தது, கரையவில்லை. சென்றாயன் பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தண்ணீர் அடிக்காதபடி ஓட்டைகளுக்கு முன்னால் தொங்கவிட்டான்.